பசையில்லாமல் பூட்டிய லொறி

என் செல்லத் தங்கச்சி வதனிக்கு,

உன்னுடைய லொறியைக் கழற்றிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள். சண்டை நெருங்கியதால் உருத்திரபுரத்தை விட்டு வெளிக்கிட்டோம். கூரை ஓடுகளையும் கதவு நிலைகளையும்கூடக் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டுதான் வந்தோம். இப்போது புதுக்குடியிருப்பில், தெரிந்தவர்களின் வீட்டு வளவில் தறப்பாள் கூடாரம் கட்டி இருக்கிறோம்.

சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் சின்னண்ணன் கனடாவிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு லொறி அது. துண்டு துண்டாக வெட்டியெடுத்து நாமே பூட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கென்று வந்ததை நீ பறித்துக்கொண்டாய். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த கையிலும் பிளாஸ்டிக் தூள்தான்.

அதோடு வந்த பசை வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. கிளிநொச்சியில் வேறு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாமக்கா. ஒட்டினா ஒட்டினதுதான். ஓடித் திரியிற எங்கட ஆக்களுக்குக் கழட்டேலாத சாமான் என்னத்துக்கு?" என்றாய்.

துளைகள் பெரிது, முளைகள் சிறிது. ஆனாலும் சக்கரங்களில் ஒரு சில்லுகூட ஆடவில்லை. எப்படி இறுக்கினாய் என்று கேட்டால் சிரிப்பாய், சொல்லமாட்டாய். சொல்லாமலே காய்ச்சலில் போய்விட்டாய். லொறி அலுமாரிக்கு மேலேயே இருந்தது.

வெளிக்கிடும்போது உன் அத்தான், "இது வழியில நொறுங்கிப் போகும், விட்டிட்டு வாரும்" என்றார்.

"அவளையே இஞ்ச விட்டிட்டுத்தானே போறம். இதையுமோ?" என்று கேட்டேன். மனிசன் துண்டுகளைப் போட்டுக்கொள்ள வெறும் பால்மா ரின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

முதல் சில்லை இழுத்தேன். முளையைச் சுற்றி ஒரு தலைமயிர். அடுத்ததிலும் அப்படியே. கதவு, கூரை, எல்லா முளையிலும் உன் நீட்டுத் தலைமயிரை இறுக்கிச் சுற்றி வைத்திருந்தாய். நான் எண்ணெய் வைத்து வாரிவிட்ட அதே தலைமயிர். எப்போதடி இந்த யோசனை வந்தது? நான் வாரிவிடும்போதா? ஏற்றிய சாமான்களுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் பார்க்க அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

இங்கே வந்ததும் சமைக்கக் குசினிக்குக் கொட்டில் போட முன்னமே உன் லொறியைத்தான் பூட்டினேன். முன் சில்லில் இருந்த உன் தலைமயிர் கழற்றும்போது அறுந்துவிட்டது. என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிச் சுற்றினேன். நரைமயிர்தான். நன்றாக இறுகியது. உன் அத்தான் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுது" என்றார்.

இனியும் வெளிக்கிட வேண்டி வந்தால் கழற்றுவேன், போகிற இடத்தில் பூட்டுவேன். ஒருநாள் உருத்திரபுரத்தில் கதவு நிலைகளைத் திரும்பப் பூட்டி, அதே அலுமாரிக்கு மேலே வைப்பேன். பசை மட்டும் வைக்கமாட்டேன். உன்னுடையது அறுந்தால் என்னுடையது இருக்கிறது. என் தலை மொட்டையாக இன்னும் கனகாலம் கிடக்கிறது.

முன் சில்லுக்கு நரைமயிர் தந்த
உன் பெரியக்கா