திருப்பி அனுப்பிய லாரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் மூக்கைத் தவிர. காய்ச்சல் விட்டது, மோப்பம் திரும்பவில்லை. நேற்று அடுப்பில் பால் பொங்கிக் கருகியதே தெரியவில்லை. கவனம் எங்கே போச்சு என்று இவர் கத்தினார்.

பால் பண்ணைக்கு வரும் ஒவ்வொரு லாரியின் மூடியையும் திறந்து முகர்ந்து பார்ப்பதுதானே என் வேலை? இப்போது முகர்வதுபோல் நடித்துவிட்டு, எல்லா லாரிப் பாலையும் சோதனைக் குழாயில் காய்ச்சிப் பார்க்கிறேன். திரிந்தால் உள்ளே விடுவதில்லை. நேற்றுகூட ஒரு லாரியைத் திருப்பி அனுப்பினேன்.

மூக்கு விஷயம் உனக்கு மட்டும்தான் தெரியும். இவரிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் தலைமை அலுவலகத்தில் பணியாளர் பிரிவு அதிகாரி ஆனதிலிருந்து நீ பெரிய மனுஷி. பதிலாவது போடு.

உன் வாலு

மார்ச் 9

என் செல்ல வாலுக்கு,

ஆவி பிடி, சரியாகிவிடும். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்?

நீ திருப்பி அனுப்பியது முதலாளியின் மச்சான் லாரி. இங்கே அதே பேச்சுதான். கொஞ்சம் அனுசரித்துப் போகக் கூடாதா? உனக்கு வேலை வாங்கித் தந்தவள் என்று எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

மேலாளர் கூப்பிட்டார். கதவைச் சாத்தி, உட்காரச் சொல்லி, தேநீர்கூடக் கொடுத்தார்.

"நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்கம்மா. உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"தப்புன்னு யாரு சொன்னா? மோப்பமே தெரியாதவங்க லாரியை எப்படித் திருப்பி அனுப்பலாம்னு மேல கேக்கறாங்க."

"காய்ச்சித்தானே சார் பாத்தேன், திரிஞ்சுதே!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலே என்றால் யார் அக்கா? அவர்களுக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லவில்லை என்று ஒரு வரி எழுது, போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாலு

மார்ச் 21

செல்லமே,

அடம் பிடிக்காதே. அவர்களாக நீக்கினால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் விசாரணை வரும், அந்தப் பால் சமாச்சாரம் வெளியே வரும். அதனால்தான் உன்னை நீயாகப் போகச் சொல்கிறார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தான். என் நாற்காலியும் ஆடுகிறது, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ராஜினாமாவை நானே தட்டச்சு செய்து இதோடு வைத்திருக்கிறேன், உடல்நலக் குறைவு என்று. கையெழுத்து மட்டும் போடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா

மார்ச் 26

பணியாளர் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். காரணம் எழுதி அவர்களே என்னை நீக்கட்டும். விசாரணையில் நானும் பேசுகிறேன்.

நான் கேட்ட ஒரு வரி வரவில்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டேன். மூக்கு விஷயத்தை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை, கூடப் பிறந்தவளிடம் சொன்னேன்.

இன்று காலை அடுப்பில் பால் கருகும் வாடை தெரிந்தது. ஓடிப்போய் அணைத்தேன். சந்தோஷத்தில் முதலில் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இதையும் மேலே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பால் சோதனையாளர்