பதினொரு முறை கூரையைப் பார்த்தவள்

அன்பு மருமகள் எவாந்தியாவுக்கு,

கிரேக்க நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே அறிவாளியும் உன் தாய்மாமனுமான பரஸ்கெவாஸ் ஆயிரம் ஆசிகளுடன் எழுதுவது. ஸ்டுட்கார்ட்டில் பனி விட்டதா? இங்கே நலம். உன் அத்தை கலியோப்பி திட்டுகிற சத்தத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் திசை மாறுவது ஒன்றுதான் குறை.

உன் மகள் லெமோனியா விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை வயதாகியும் அவள் நாலு சொல்லுக்கு மேல் பேசவில்லை, நான் விட்டுவிட்டு வந்ததால்தான் குழந்தை இப்படியானாள், பரிசோதனை முடிவு மோசமென்றால் தாதிப் பயிற்சியைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை நடந்தது.

குழந்தைகள் மொழி கற்பதை ஆராய்கிற பல்கலைக்கழகக் கூடம். அத்தை மடியில் குழந்தை. அத்தை சாடை காட்டிவிடக் கூடாதென்று அவள் காதில் பாட்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, வாயைத் திறக்கத் தடை. முப்பத்தைந்து வருடமாக என்னால் முடியாததைப் பல்கலைக்கழகம் ஐந்தே நிமிடத்தில் சாதித்தது! திரையில் படம் வரும், "இது மீனா?" "இது நாற்காலியா?" என்று ஒரு குரல் கேட்கும். இருபது கேள்வி, குழந்தை தலையாட்டினாலே போதும். கூடத்தை நடத்தும் பேராசிரியை ஊரில் இல்லை. காணொளிப் பதிவைப் பார்த்து மதிப்பெண் போட்டவர், நம் நாட்டுக்கு வந்து பத்தே நாளான டச்சு ஆராய்ச்சியாளர் யோஸ்ட்.

மனிதர் முகம் வாடி வந்தார். "பதினொரு கேள்விக்குப் பதிலே இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் கூரையத்தான் பாத்தா" என்றார். அத்தை அழுத கண்ணீரில் படகு விட்டிருக்கலாம். உனக்கு என்ன எழுதுவதென்று எனக்கும் கை கால் ஓடவில்லை.

"கூரையில அப்படி என்ன தம்பி இருக்கு? அந்தப் பதிவைப் போடுங்க" என்றேன். போட்டார். திரையில் பூனை, "இது கோழியா?" என்றது குரல். உன் மகள் புருவத்தைத் தூக்கி, மோவாயை மேலே ஒரு வெட்டு வெட்டினாள். அழுகின மீனை நீட்டும் மீன்காரனுக்கு நீ கொடுப்பாயே, அதே வெட்டு!

"அட புண்ணியவானே, அவ கூரையப் பாக்கல, இல்லைன்னு சொல்றா! எங்க நாட்டுல இல்லைங்கிறதுக்குத் தலைய இப்படித்தான் மேல தூக்குவோம்" என்று கூவினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அந்தப் பக்கம் போன அலுவலகப் பெண்ணை நிறுத்தி, "ஏம்மா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?" என்று கேட்டேன். அவளும் பேசாமல் புருவத்தையும் மோவாயையும் தூக்கினாள். அத்தை அழுகையை நிறுத்தி, "நானும் அன்னிக்கு அதைத்தான் பண்ணியிருக்கணும்" என்றாள். யோஸ்ட் காதுமடல் வரை சிவந்துபோனார்.

நேற்று பேராசிரியை திரும்பி வந்து தானே பார்த்தார். இருபதுக்குப் பத்தொன்பது! தவறின ஒன்று, வேகவைத்த கீரைப் படத்துக்கு "இது சாப்பாடா?" என்ற கேள்வி. அதில் நான் குழந்தை பக்கம். "சொல்லெல்லாம் உள்ள சேந்துக்கிட்டுதான் இருக்கு. வெளிய வர அவசரமில்ல. கோடையில மறுபடி ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆகவே பயிற்சியை முடி. உன்மேல் நீயே போட்டுக்கொண்ட குற்றம் தள்ளுபடி. ஆனாலும் ஈஸ்டருக்கு இரண்டு நாள் வந்து போ, எவாந்தியா. குழந்தைக்காக இல்லை, அவளுக்கு ஒரு குறையுமில்லையென்று பல்கலைக்கழகமே எழுதிக் கொடுத்துவிட்டது. உன்னைப் பார்க்காமல் வாடுகிற என்னைப் பரிசோதிக்கத்தான் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

நீ நூறாண்டு நலமாக இருக்க வேண்டும்.

உன் மாமன்,
பரஸ்கெவாஸ்