டயர் தட்டியவனுக்கு

நேற்று இங்கே குவைத்தில், மங்காஃபில் கூட வேலை பார்ப்பவரின் மகளுக்குப் பிறந்தநாள். என் கையிலும் ஒரு கப் ஐஸ்கிரீமைத் திணித்தார்கள். அந்த வெண்ணிலா வாசம் மூக்கில் ஏறியதும் கப்பைக் கீழே வைத்துவிட்டேன். "சுகருங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உன் கதையைச் சொல்ல முடியுமா மாப்ளே?

குவைத்தில் டிரைவர் வேலை என்றுதானே நாமக்கல்லிலிருந்து நம் இருவரையும் கூட்டி வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, ஈராக்குக்குள் இருக்கும் அமெரிக்கப் பட்டாளத்துக்குச் சாமான் ஏற்றிப் போக வேண்டும் என்பது. முன்னும் பின்னும் துப்பாக்கி வைத்த அவர்களுடைய இரும்பு வண்டிகள். நடுவில் நாம், தகரக் கதவு லாரியில். மற்றவர்கள் குண்டுக்குப் பயந்தார்கள். நீ டயருக்குப் பயந்தாய்! வண்டி எங்கே நின்றாலும் குதித்து இறங்கி, இரும்பு ராடால் ஒவ்வொரு டயராகத் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாய்.

"உன் பொண்டாட்டி பேச்ச என்னைக்காவது இப்படிக் கேட்டிருக்கியாடா?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"என் சர்வீஸ்ல ஒரு டயர் வெடிச்சதில்ல மாப்ளே. அவளே ஊரெல்லாம் அதத்தான் சொல்லித் திரியறா" என்பாய். அந்தப் பெருமை ஒன்றுதான் உன் சொத்து.

எல்லை தாண்டினால் இறங்கவே கூடாது என்று சூப்பர்வைசர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "நீச்சே உதர்னா மாஃபி பாய், மாஃபி!" உனக்கும் நன்றாகவே புரிந்தது. ஆனால் நின்ற வண்டிக்குள் சும்மா உட்கார உனக்குத் தெரியாது.

அன்று உச்சி வெயிலில் முன்வண்டி ஏதோ கோளாறாகி எல்லோரும் நின்றோம். உன் லாரிக்குப் பின்னால்தான் என் லாரி. நீ ராடோடு இறங்குவதைப் பார்த்து ஹாரனை விடாமல் அடித்தேன். "ஏறுடா, டேய் ஏறுடா!" என்று கத்தினேன். நீ சிரித்தபடி கையைக் காட்டிவிட்டுப் பின்டயருக்குக் குனிந்தாய். அந்த ரோட்டோரத்தில் குனிகிறவனெல்லாம் குண்டு வைக்கிறவன் என்று சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரு அமெரிக்கச் சிப்பாய் சுட்டான். அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஓடி வந்து பார்த்துவிட்டு, ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். அவன் அழுதான் என்பதற்காக நான் அவனை மன்னிக்கவில்லை.

உன் வண்டியில் இருந்தது அவர்கள் முகாமுக்கான ஐஸ்கிரீம். லோடு உருகிவிடும் என்று அவசரப்பட்டார்கள். உன் உடலைத் துணியில் சுற்றிக் கட்டி அந்தப் பெட்டிகளுக்கு நடுவே ஏற்றினார்கள். சாயங்காலம் முகாமில் பெட்டிகளை இறக்கினார்கள், பட்டாளம் வரிசையில் நின்று வாங்கித் தின்றது. தங்கள் சண்டையில் செத்தவர்கள் பெயரை அவர்கள் ஊரில் கல்லில் வெட்டி வைப்பார்களாம். உன் பெயரை எவன் வெட்டப்போகிறான்?

குவைத் ரோட்டில் டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது, டிரைவரின் கவனக்குறைவு என்று கம்பெனி உன் வீட்டுக்குச் சொன்னது. வாயைத் திறந்தால் அடுத்த பிளைட்டில் ஊர் என்று எங்களிடம் சொன்னது. பாவிகள், உயிர்தான் போயிற்று, பேரையாவது விட்டுவைத்திருக்கலாம்.

உன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, அவரு டயரப் பாக்காம ஓட்டிப்போட்டாருன்னு லாரி ஸ்டேண்டுல பேசறாங்ண்ணா. அவரு அப்படி வண்டி எடுப்பாருங்களா? நீங்களே சொல்லுங்க."

வேலை போனால் போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ்கிரீமை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, எல்லா டயரும் தட்டிப் பாத்தாருங்களாண்ணா?"

"பாத்தாம்மா. ஒண்ணு விடாமத் தட்டினான்."

முதல் டயரையே நீ தட்டி முடிக்கவில்லை மாப்ளே. அந்தப் பொய்யை மட்டும் நான் சாகும்வரை மாற்றிச் சொல்ல மாட்டேன்.