உன் முகம் இல்லாத படங்கள்

கேமராப் பையை ஒரு வருடம் கழித்து இன்று திறந்தேன். பூஞ்சை வாடையும், அட்டை கடிக்காமல் இருக்க நீ காலில் தடவிக்கொள்ளும் மூக்குப்பொடி வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. முதலில் தும்மினேன், பிறகு அழுதேன். காலையில் வண்டிப்பெரியாரிலிருந்து உன் தம்பி கூப்பிட்டிருந்தான்.

“யக்கா, அடுத்த வாரம் அக்காவுக்கு வருசத் திதி. வீட்ல மாட்ட ஒரு நல்ல படம் வேணும். எங்ககிட்ட இருக்கது ஆதார் கார்டு படம் மட்டுந்தான். நீங்க ரெண்டு பேருந்தான எந்நேரமும் கேமராவும் கையுமா அலைஞ்சீங்க?”

அலைந்தோம்தான். மதியத்திலிருந்து உட்கார்ந்து தேடுகிறேன். எதைத் திறந்தாலும் பட்டாம்பூச்சி. உன் விரலில் உட்கார்ந்து வியர்வை குடிக்கும் ஒரு சின்ன நீலப் பூச்சி இருக்கிறது. உன் நகத்து அழுக்குகூடத் தெளிவாகத் தெரிகிறது, அதற்கு மேலே ஆளைக் காணோம். ஓடைக்கரையில் குப்புறப் படுத்திருக்கும் உன் முதுகு இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்குள் போகும் உன் குடை இருக்கிறது. இத்தனை வருடம் உன்கூட அலைந்து என்னத்தைக் கிழித்தேன் என்று என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட் நமக்கு. நான் எல்லையோரக் கோபாலபுரத்துத் தோப்புக்காரி, நீ தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் உன் மலைக்குப் பஸ் ஏறிவிடுவோம். கலர் கலராக இறக்கை விரிக்கிறவை எல்லாம் எனக்கு. உனக்கு மட்டும் சருகோடு சருகாக ஒளிந்துகொள்ளும் அந்தத் தவிட்டு நிறப் பூச்சிமேல்தான் கண். மலையாளத்தில் அதைத் தவிடன் என்பார்கள். “ஏம் புள்ள, இத்தன இருக்கறப்ப இந்த அழுக்குப் பூச்சி என்னத்துக்கு?” என்று கேட்டால், “நீ பேசாம இரிட்டி, பறந்துரும்” என்று அதட்டுவாய்.

மழைக்காலத்தில் எடுத்த தவிடனுக்கு இறக்கையின் அடிப்பக்கம் கண் கண்ணாகப் புள்ளிகள் இருந்தன. பங்குனியில் அதே ஓடைக்கரையில் எடுத்ததற்கு ஒரு புள்ளியும் இல்லை, காய்ந்த இலை மாதிரி இருந்தது. புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நீ பஸ் நெடுகப் பீற்றிக்கொண்டு வந்தாய். பட்டாம்பூச்சி பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் இரண்டு படத்தையும் போட்டோம். இரண்டும் ஒரே பூச்சிதான், மழைக்கு ஓர் உருவம், வேனலுக்கு ஓர் உருவம் என்று யாரோ ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, நீ அசரவில்லை. “அப்ப ரெண்டு உருவத்தையும் எடுத்து வைக்கணும்ட்டி. இல்லன்னா பின்னால வாறவனும் நம்மள மாரியே ஏமாந்துருவாம்லா” என்றாய்.

அப்புறம் உனக்கு அந்த நோய் வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஆட்களைத் தவிர யாரும் வர வேண்டாம் என்று தடுத்துவைத்திருந்தாய். கடைசியில் வரச் சொன்ன அன்று, வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். உன் கட்டிலையும் தாண்டிப் போனேன். முடி இல்லை, புருவம் இல்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இறக்கையில் ஒரு புள்ளியை வைத்தே இனம் சொல்கிறவள், நர்ஸிடம் போய் உன் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

“ஏட்டி, இங்கன பாரு. இது வேனல் உருவம்.”

நான் அழுதேன், நீ சிரித்தாய். “அழுகைய விடு. ஒரு படம் எடு. ரெண்டும் வேணும்லா” என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனிலேயே எடுத்தேன். வைகாசிப் பாதியில் இறங்கும் இடவப்பாதி மழை தொடங்கும் முன் நீ போய்விட்டாய்.

இருட்டும்வரை தேடியதில், உன் முகம் இருப்பது அந்த ஒரே படத்தில்தான். தம்பிக்கு அனுப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

“யக்கா, அம்மா பாத்துட்டு அழுதுகிட்டே கெடக்கா. இந்த மூஞ்சிய மாட்டக் கூடாதுன்னு சொல்றா. இது எம் மவளே இல்லங்கா. முந்தி எடுத்தது வேற ஏதாவது இருக்குமாக்கா?”

“இல்லையே தம்பி” என்றேன். போனை வைத்துவிட்டேன்.

நன்றாக இருந்த காலமெல்லாம் நீ என் பக்கத்திலேயேதான் இருந்தாய். உன்னை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரிக்கும்போது உன் இடது கண் மட்டும் மூடிக்கொள்ளும், மேல்பல்லில் ஓர் இடைவெளி தெரியும், நெற்றியில் ஈர முடி ஒட்டியிருக்கும். கண்ணை மூடினால் எனக்கு அந்த முகம் அப்படியே வருகிறது. அதை உன் அம்மாவுக்கு நான் எப்படி அனுப்புவேன்?