திரை அணைந்தபின் கேட்ட கேள்வி

மேடம்,

இன்று மதியம் எமர்ஜென்சி அறையில், நீங்கள் வீடியோவில் வரும் டேப்லெட்டின் திரையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அந்த வாடை ஏறியதும் கை நின்றுவிட்டது. உங்கள் இடத்தில் இப்போது வேறொரு டாக்டர் வருகிறார். நல்லவர்தான். ஆனாலும் திரையில் அவர் முகம் தெரியும்வரை எனக்கு நிலைகொள்வதில்லை.

மூன்று வருடம் உங்களைத் திரையில் மட்டுமே பார்த்தேன். ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு, சென்னையிலிருந்து வீடியோவில் வரும் நீங்கள்தான் மனநல டாக்டர். பக்கத்தில் இல்லாமல் என்ன வைத்தியம் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்திருக்கிறேன்.

சாகத் தோன்றுகிறதா என்று நோயாளியிடம் நேராகவே கேட்பீர்கள். எனக்கு உடம்பு கூசும். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடாதா என்று ஒருமுறை கேட்டேன். "கேட்கிறதால அந்த எண்ணம் வந்துடாது சிஸ்டர். கேட்காம விட்டாத்தான் அவங்க தனியா நிப்பாங்க" என்றீர்கள்.

பிறகு அந்தத் தென்காசிப் பெண் வந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை. நான்கு நாளாகத் தூக்கமில்லை, பேச்சில்லை என்று ஹாஸ்டல் வார்டன் கூட்டிவந்தார். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். என்னைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் அவள் முதுகோடு பேசினீர்கள். அதற்குள் நெட்வொர்க் போய்விட்டது. திரை கறுத்ததும்தான் அவள் திரும்பினாள். நானே கேட்டேன்.

"சாகணும்னு தோணுதாம்மா?"

"ஆமாக்கா" என்றாள். துப்பட்டா முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த மாத்திரைகளை என் கையில் கொட்டினாள்.

நீங்கள் மறுபடி திரையில் வந்தபோது உள்ளங்கையைக் காட்டினேன். அவளைப் பார்த்து, "கொடுத்தீங்களே, நல்லது" என்றீர்கள். அம்மாவை வரவழைத்தோம். இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள்.

கடைசி மாதங்களில் நீங்களே நோயாளியாய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடிதான் எங்களோடு பேசினீர்கள் என்று, நீங்கள் இறந்த பிறகு புது டாக்டர் சொன்னார். பின்னால் தெரிந்த வெள்ளைச் சுவரை வேறு அறை என்று நினைத்தேனே. எத்தனை பேரைக் கேட்டோம். உங்களை "எப்படி இருக்கீங்க" என்றுகூட நான் கேட்கவில்லை. இது என்னை விடுவதாக இல்லை.

போன வாரம் என் தம்பிக்கு வேலை போனது. படப்பை வீட்டில் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பக்கத்தில் போய் அதையே கேட்டேன்.

"இன்னாக்கா இப்டி கேக்குற? அதெல்லாம் இல்ல" என்றான். கொஞ்சம் கழித்து, "போய்டாத, உக்காரு" என்றான்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. போகவில்லை, மேடம்.