கண்ணுக்குள் பார்த்தவள்

அக்கா,

இன்று உன் வருஷப் படையல். உன் கொழுந்தனார் இலையில் ஒரு கரண்டி மாங்காய் ஊறுகாயை அள்ளி வைத்தார். கூடமெல்லாம் அதன் வாசனை. "உப்பில்லாமத் தின்னே போய்ச் சேந்துட்டா. இனிமேலாச்சும் ருசியாத் தின்னட்டும்" என்றார். நான் அதை வழித்தெடுத்து அவர் இலைக்கே மாற்றினேன். செத்தவளுக்குப் பத்தியமா என்று கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும்.

நீ போனது விஷக்காய்ச்சலில். நம் ஊர் எருமப்பட்டியே அந்த மாதம் காய்ச்சலில் கிடந்தது. உப்பைத் தாராளமாகத் தின்றவர்களும்தான் போனார்கள். பழி மட்டும் உன் சோற்றின் மேல். இதை நான் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறேன். உன் கொழுந்தனார் ஒவ்வொரு விசேஷத்திலும் மறந்துவிடுகிறார்.

தலைவலி, பார்வை மங்கல் என்று உன்னைச் சேலத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனவன் நான். மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொண்டு, ஓட்டலில் இட்லி தின்று திரும்புவதாகத் திட்டம். எனக்கு இட்லிதான் முக்கியம். அவரோ சொட்டு மருந்து விட்டு, அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்குப் பிடி போன்ற ஒரு கருவியோடு உன் முகத்துக்கு அருகில் குனிந்தார். "தம்பி, பக்கத்துலயே நில்லுடா" என்றாய். கோயில் துவாரபாலகரைப் போல நின்றேன். தொந்தி மட்டும் கூடுதல்.

"கோளாறு கண்ணில் இல்லை அம்மா, ரத்தக் கொதிப்பு" என்றார் டாக்டர். "ரத்தக் குழாயை அறுக்காமல் பார்க்க உடம்பில் இருக்கும் ஒரே இடம் கண்ணின் உள்சுவர்தான். உங்களுக்கு அங்கே குழாய்கள் ஒடுங்கி, இரண்டொரு இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறது. விட்டால் பார்வை போகும், உயிருக்கும் ஆபத்து. உப்பை நிறுத்துங்கள்." சிவப்புப் பென்சிலால் அதை வரைந்தும் காட்டினார்.

நீ படத்தைத் தள்ளிவிட்டாய். "படம் யாரு வேணும்னாலும் போடலாமுங்க. நான் பாக்கோணும்."

"உங்கள் கண்ணை நீங்களே எப்படிம்மா பார்ப்பீர்கள்?"

"இவன் கண்ணுல பாக்கறேனுங்க. இவனும் எங்கப்பன் பெத்ததுதானுங்க."

இட்லிக்கு வந்தவன் கண்ணிலும் மருந்து விழுந்தது. டாக்டர் உனக்குத் தெரியும்படி கருவியின் கண்ணாடி வில்லையைத் திருப்பிக் கையில் கொடுத்தார். வெகுநேரம் தடுமாறிவிட்டுக் கூவினாய்: "அட, செம்மண்ணு காடாட்டக் கெடக்குதுங்க! நடுவுல வாய்க்காலு போவுது!"

"உள்ள மூளை ஏதாச்சும் தெரியுதாக்கா?"

"அதைத்தாண்டா தேடறேன், காணோம்."

பிறகு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். "இவனுக்கு அகலமா இருக்குது. எனக்கு நூலாட்ட இருக்குதுங்களே" என்றாய். சிரிப்பு நின்றுவிட்டது. அன்று முதல் உன் சட்டியில் உப்பு இல்லை.

நாடே உப்புக்காகச் சண்டை போட்ட காலம் அது. "வெள்ளைக்காரன் உப்புக்கு வரி போட்டான், உங்கக்கா உப்புக்கே தடை போட்டுட்டா" என்று என்னைக் கேலி செய்யாதவன் கிடையாது. உன் மகளின் நிச்சயத்துக்குத் திருச்செங்கோடு போனபோதுதான் கேலி முற்றியது. இலையில் முதலில் வைத்த உப்பை நீ ஒதுக்கினாய். குழம்பையும் வேண்டாம் என்றாய். சம்பந்தி எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கூட்டு உப்பு ஆவாதுங்களா? அப்பறம் சம்பந்தம் எதுக்குங்க?"

ஒரு விரல் தொட்டு நக்கிவிடு அக்கா என்று காதில் கெஞ்சினேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"உங்கூட்டு உப்பைத் தின்னு எனக்குக் கண்ணு போச்சுன்னா, எம்புள்ளையை நீங்க எப்படி வெச்சிருக்கறீங்கன்னு வந்து பாக்கறது யாருங்க?"

சம்பந்திதான் முதலில் சிரித்தார். உள்ளே திரும்பி, "அந்தம்மாளுக்கு உப்புப் போடாத பருப்பு வேவ வையுங்க" என்றார்.

மறுவருஷம் டாக்டர் மறுபடி உன் கண்ணுக்குள் பார்த்தார். ஒடுங்கியது ஒடுங்கியதுதான், ஆனால் கசிவு காய்ந்துவிட்டது என்றார். அதன் பின் எத்தனையோ தடவை திருச்செங்கோடு போய் மகளைப் பார்த்தாய். பேத்திக்குப் பேன் பார்த்தாய். உப்பில்லாமல் செத்தாளாம்! உப்பில்லாமல் இருந்தாள் ஐயா.

போன மாதம் என் கண்ணுக்குள்ளும் பார்த்தார்கள். எனக்கும் ஒடுங்க ஆரம்பித்திருக்கிறதாம். வாய்ருசிக்காகவே பிறந்தவன் நான். வெறும் சோற்றை விழுங்கும்போது முகம் கோணத்தான் செய்கிறது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் அக்காளாட்டப் போயிருவீங்களோ?" என்றாள்.

"போறது கெடக்கட்டும் புள்ளே. முதல்ல அவளாட்ட இருந்து பாக்கறேன்" என்றேன்.