புஸ்ஸென்ற சத்தமும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், அப்பாவுக்கு மட்டும் காதில் கோளாறு, கேட்காமல் போகவில்லை, தேவைக்கு மேல் கேட்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் கடை நன்றாக ஓடுகிறது என்றேன் அல்லவா, ஓடவில்லை, பூட்டிக் கிடந்தது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பதறாமல் கடைசிவரை படி.

போன மாதம் ஒரு காலையில் நம் சலவைக் கடையில் நீராவி இஸ்திரிக்குப் போகும் குழாய் பாய்லரிலிருந்து டமாரென்று கழன்றுகொண்டது. கடை முழுக்க ஆவி, எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியவில்லை. எப்படியோ வெளியே வந்துவிட்டோம், யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. மெக்கானிக் வந்து குழாயை மாற்றி, பாய்லரை வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்து, "கவலைப்படாதீங்க சார், இது உங்களைவிட ரொம்ப நாள் இருக்கும்" என்று அப்பாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பாய்லர் தேறிவிட்டது, அப்பாதான் தேறவில்லை. வீட்டில் குக்கர் லேசாக மூச்சு விட்டாலும் மனிதர் பேப்பரோடு தெருவில் நிற்பார். பஸ் கதவு புஸ்ஸென்று திறந்தால் ஏறமாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார், அதுவும் புஸ்ஸென்றுதானே திறக்கும், கடைசியில் நடந்தே வீடு வந்து சேர்வார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி குக்கர் வெயிட்டைச் சர்க்கரை டப்பாவுக்குள் ஒளித்துவைத்தேன், உன் தம்பி சோடா பாட்டிலை மொட்டைமாடியில் போய்த் திறந்தான், ஆவி, பாய்லர் என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எடுக்காமல் இருக்க இருக்க அவருக்கு முற்றிக்கொண்டே போனது. கடையை விற்றுவிடலாம் என்று ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கடை இல்லாவிட்டால் அவர் மனிதராக இருக்கமாட்டார், அவர் வீட்டோடு இருந்தால் நானும் இருக்கமாட்டேன்.

ஒருவழியாக டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி இறக்கினார்களா, அது புஸ்ஸென்றது. பட்டை கையில் தொங்க அப்பா கதவருகே நின்றார். பிறகு அவரை உட்காரவைத்து, அன்று என்னதான் நடந்தது என்று டாக்டரம்மா கேட்டார். யோசித்துப் பார்த்தால் நாங்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை. சுவர்க் கடிகாரம் விழுந்து உடைந்தது என்று அப்பா ஆரம்பித்தார், நம் கடையில் கடிகாரம் எங்கே இருக்கிறது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் இவளை உள்ளேயே விட்டுட்டு ஓடிட்டேன் டாக்டர்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இதையா மனதுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தார். "என்ன உளர்றீங்க, நீங்கதானே என் கையைப் பிடிச்சு வெளியே இழுத்தீங்க, கை எப்படிக் கன்னிப் போச்சு" என்றேன். அது மேஜையில் இடித்துக்கொண்டது என்றார். இல்லை என்றேன். நர்ஸ் எட்டிப்பார்க்கும் அளவுக்குச் சண்டை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் அடக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார். பயந்துபோன நேரத்தில் மூளை அந்தச் சத்தம் மாதிரி ஏதோ ஒன்றை ஆழமாகப் பதித்துக்கொள்ளுமாம், சுற்றி நடந்ததைச் சரியாகப் பிடிக்காதாம், பிறகு நினைத்துப் பார்க்கும்போது ஓட்டைகளைத் தன் இஷ்டத்துக்கு அடைத்துவிடுமாம். நடந்தது எது, அடைத்தது எது என்று நமக்கே தெரியாதாம், சத்தியம் பண்ணிச் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடாதாம். நான் குக்கர் வெயிட்டை ஒளித்துவைத்ததைப் பெருமையாகச் சொன்னேன், அதற்கும் ஒரு குட்டு விழுந்தது. "சத்தத்தையே ஒளிச்சு வச்சா, அது ஒண்ணும் பண்ணாதுன்னு இவர் மூளை எப்போ கத்துக்கும்? பழசு அழியாதும்மா, பக்கத்துல புதுசா ஒண்ணு பதியணும், கொஞ்சம் கொஞ்சமா" என்றார். வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை, அப்பாவுக்கு அதுவே பாதி வைத்தியம்.

அந்த வாரமே, சம்பவத்தன்று சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்து கடை வாசலில் நின்றிருந்த டீச்சர், கடை பூட்டியிருக்கிறதே என்று வீட்டுக்கே வந்தார். கடையிலிருந்து எடுத்துவந்து வைத்திருந்த கோட்டை அவர் கையில் கொடுத்த கையோடு இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம், நீங்களே சொல்லுங்கள், யார் யாரை விட்டுவிட்டு ஓடியது என்று. அவர் கொஞ்சம் தயங்கி, "இவர் உங்க கையைப் பிடிச்சு இழுத்தார், நீங்க இவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்க, ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல வரப் பார்த்து கதவுல மாட்டிக்கிட்டீங்க, நான்தான் வெளியே இருந்து பிடிச்சு இழுத்தேன்" என்றார். டீச்சருடைய மூளையும் ஓட்டையை அடைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. "அப்போ நான் இவளை விடலியா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முதலில் சிரித்தார், அப்புறம் அழுதார், கைக்கு அகப்பட்ட துணியில் முகத்தைத் துடைத்தார், அது டீச்சருடைய கோட்டு. அதை மறுபடி சலவைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்று காலை கடையைத் திறந்தோம். வால்வைத் திருப்பியதும் அது புஸ்ஸென்றது, இரண்டு பேருக்குமே தூக்கிப்போட்டது. அப்பா வாசலைப் பார்த்தார், பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார், பிறகு இஸ்திரியை எடுத்தார். வேர்த்துக் கொட்டியது, ஆனால் நகரவில்லை.

நீ தீர்க்காயுசாய், மனதில் ஒரு பயமும் தங்காமல் நிறைவாக இரு கண்ணு. ஒன்று மட்டும் மறக்காதே, அடுத்த முறை போன் பேசும்போது அன்று என்ன நடந்தது என்று அப்பாவிடம் நீயே கேள். இப்போதே அவர் கதையில், ஆவிக்குள் புகுந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்ததாக ஆகிவிட்டது. என் எடை உனக்குத் தெரியும், இருந்தாலும் மறுத்துப் பேசாதே. நானே ஆமாம் என்றுதான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா